வண்டி இப்போது யார் கையில்?

(பொறியியல், வடிவமைப்பு மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓட்டுநரில்லா கார் என்று ஆரம்பித்தாலே பேச்சு கேமரா, ரேடார், செயற்கை நுண்ணறிவு என்று காரின் மூளைப் பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் நான் இன்று போகப்போவதில்லை. காருக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளின் கைக்கு எட்டுகிற தூரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? ஒன்றுமே வைக்காமல் விட்டால் என்ன ஆகும்?

2014 மே மாதம் கூகுள் ஒரு குட்டிக் காரைக் காட்டியது. இரண்டு பேர் உட்காரலாம். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஸ்டீயரிங் கிடையாது, பிரேக் மிதி கிடையாது, ஆக்சிலரேட்டர் கிடையாது. புறப்படச் சொல்ல ஒரு பொத்தான், அவசரத்துக்கு நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான், அவ்வளவே. அடுத்த ஆண்டு அக்டோபரில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், பார்வை இழந்த ஒருவர் தன்னந்தனியாக அதில் ஏறிப் பொதுச்சாலையில் போய் வந்தார். கலிபோர்னியாவிலோ, சோதனை ஓட்டமென்றால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இருந்தே ஆக வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. அதற்காகக் கழற்றி மாட்டுகிற ஸ்டீயரிங் ஒன்றைப் பொருத்தி ஓட்டினார்கள். 2017இல் அந்தக் காருக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இன்று வேமோ என்ற பெயரில் ஓடும் அவர்களுடைய ஜாகுவார் டாக்சிகளில் ஸ்டீயரிங் பழையபடி இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லாமல் அது தானாகத் திரும்பிக்கொண்டிருக்கும். முதன்முறை ஏறுகிறவர்கள் அதைத்தான் செல்போனில் படம் பிடிக்கிறார்கள்.

ஸ்டீயரிங் இல்லாத கார் விபரீதமாகத் தோன்றுவதற்குக் காரணம், ஸ்டீயரிங் உள்ள காரை நாம் இயற்கையின் ஏற்பாடு என்று நம்பிவிட்டதுதான். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியைத் திருப்பியது படகின் சுக்கான் பிடி போன்ற ஒரு கைப்பிடி. வட்டமான ஸ்டீயரிங்கோடு வந்த முதல் வண்டிகளில் ஒன்றாகச் சொல்லப்படுவது, 1894இல் பாரிஸிலிருந்து ரூவானுக்கு நடந்த பந்தயத்தில் வாஷெரோன் ஓட்டிய பனார் கார். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் இன்று உங்களை உட்கார வைத்தால் தெருமுனையைத் தாண்ட மாட்டீர்கள். அதில் மூன்று மிதிகள். இடது மிதி கியருக்கு, நடு மிதி பின்னால் போக, வலது மிதி பிரேக். ஆக்சிலரேட்டர் காலில் கிடையாது, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையால் தள்ளும் நெம்புகோல். அப்படிப்பட்ட காரை சுமார் ஒன்றரைக் கோடி பேர் வாங்கி ஓட்டினார்கள். நமக்குப் பழகிப்போன கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் வரிசை 1916 காடிலாக்கில் வந்து, 1922இல் இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் மூலம் பரவி நிலைபெற்றது. 1958இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஃபயர்பேர்டு மூன்று என்ற கனவுக் காரில் ஸ்டீயரிங்கையும் மிதிகளையும் தூக்கிவிட்டு, இரு இருக்கைகளுக்கும் நடுவே ஒற்றைக் கைப்பிடி வைத்தது. முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் பிரேக், பக்கவாட்டில் சாய்த்தால் திருப்பம். விற்பனைக்கு வரவில்லை.

எனவே வட்டம் போய்விடுமே என்று நான் கண்ணீர் விடப்போவதில்லை. எனக்குள்ள கவலை வேறு. ஸ்டீயரிங்குக்கு இரண்டு வேலை. ஒன்று வண்டியைத் திருப்புவது. இன்னொன்றை நாம் வேலையாகவே நினைப்பதில்லை: வண்டி இப்போது யார் கையில் இருக்கிறது என்று அங்குள்ள எல்லோருக்கும் காட்டுவது. யார் பிடித்திருக்கிறாரோ அவர்தான் ஓட்டுநர், அதில் தகராறு இல்லை. பாதி மனிதன், பாதி இயந்திரம் என்று வந்தவுடன் இந்த இரண்டாவது வேலைதான் கெட்டுப்போகிறது.

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 2014இல் தானியக்கத்தைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகளாகப் பிரித்தது. இரண்டாம் படியில் கார் திருப்பும், வேகத்தைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் பொறுப்பு உங்களுடையது, கண் சாலையை விட்டு அகலக் கூடாது. மூன்றாம் படியில் பொறுப்பு காருடையது, ஆனால் அது கூப்பிட்டால் நீங்கள் வர வேண்டும். நான்காம் படியில், குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட சாலை என்ற எல்லைக்குள், அது கூப்பிடவே கூடாது. படிகள் காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கின்றன. காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்?

இரண்டாம் படியில் நடந்த கூத்து உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். டெஸ்லா கார், ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்கில் இருக்கிறதா என்று அதில் உணரும் சிறு விசையை வைத்துக் கணித்தது. ஆட்கள் ஒரு ஆரஞ்சுப் பழத்தை ஸ்டீயரிங் சட்டத்துக்குள் செருகிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஆரஞ்சை ஓட்டுநர் என்று கார் நம்பியது. இதற்கென்றே தயாரித்த எடைக்கட்டி ஒன்று கடைக்கு வர, 2018இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது. 2023 டிசம்பரில், ஓட்டுநரைக் கண்காணிக்கும் ஏற்பாடு போதாது என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் திருத்தத்துக்கு உள்ளாயின. ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் வேறு வழியில் போனது. கேமரா ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கும், ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் ஒரு விளக்குப் பட்டை பச்சையாக எரிந்தால் கார் ஓட்டுகிறது என்று பொருள். கை எங்கே என்று கேட்பதைவிடக் கண் எங்கே என்று கேட்டது சரியான கேள்வி.

மூன்றாம் படிதான் எனக்கு உறுத்தல். 2020இல் ஐ.நா. மன்றத்தில் ஏற்கப்பட்ட 157ஆம் விதிமுறை இதற்கு ஒரு நடைமுறை வகுத்தது. கார் தன்னால் முடியாது என்று கண்டால் ஓட்டுநரைக் கூப்பிடும். குறைந்தது 10 விநாடி பொறுக்கும். ஆள் வரவில்லை என்றால் தானே வேகத்தைக் குறைத்து நிறுத்திக்கொள்ளும். மெர்சிடிஸ் 2022இல் ஜெர்மனியில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இப்படித்தான். அப்போது அதில், நெரிசலில், 60 கிலோமீட்டர் வேகத்துக்குள், திரையில் படம் பார்க்கலாம், ஆனால் தூங்கக் கூடாது என்று இருந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 10 விநாடி என்றால் 167 மீட்டர். அந்தத் தூரத்துக்குள், படத்தில் ஆழ்ந்திருந்த ஒருவர் தலை நிமிர்ந்து, சாலையைப் பார்த்து, எந்த வண்டி எங்கே வருகிறது என்று புரிந்துகொண்டு, கையை வைத்துச் சரியானதைச் செய்ய வேண்டும். அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்? இயந்திரமே திணறிப்போன நேரத்தில். 1983இல் பிரிட்டன் உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ், ஆலைகளிலும் விமானங்களிலும் தானியக்கம் புகுந்ததைப் பார்த்து, தானியக்கத்தின் முரண்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். சுலபமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது, கஷ்டமானது மட்டும் மனிதனுக்கு மிஞ்சுகிறது, பழக்கம் விட்டுப்போன அவனிடம் அதை மிக மோசமான நேரத்தில் கொடுக்கிறோம் என்பது அதன் சாரம். 40 ஆண்டு கழித்தும் அதற்கு யாரும் முழுப் பதில் சொல்லிவிடவில்லை. ஆடி நிறுவனம் 2017இல் ஏ8 காரில் மூன்றாம் படியை அறிவித்துவிட்டு 2020இல் கைவிட்டது. அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கைமாறும் அந்தக் கணத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மிகக் கொடிய சாட்சி கடலில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2017 ஆகஸ்ட் 21, விடியற்காலை. அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெயின் என்ற போர்க்கப்பல், கப்பல்கள் நெருக்கியடிக்கும் நீர்வழியில் சிங்கப்பூரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதில் சுக்கானும் இயந்திர வேகமும் தொடுதிரைகளில் இருந்தன. எந்தத் திரையிலிருந்தும் கட்டுப்பாட்டை இன்னொரு திரைக்கு மாற்றலாம். சுக்கான் பிடித்திருந்த மாலுமி இரண்டு வேலையையும் பார்த்துத் தடுமாறுவதைக் கண்ட கப்பல் தலைவர், சுக்கான் இவரிடமே இருக்கட்டும், வேகத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுங்கள் என்றார். நல்ல எண்ணத்தில் பிறந்த உத்தரவு. ஆனால் வேகத்தை மாற்றும்போது சுக்கானும் சேர்ந்து பக்கத்துத் திரைக்குப் போய்விட்டது. போனது யாருக்கும் தெரியவில்லை. மாலுமியின் திரையில் சுக்கான் வேலை செய்யவில்லை. சுக்கான் போய்விட்டது என்று கத்தினார். போகவில்லை, பக்கத்துத் திரையில் இருந்தது. இடையில், இரு பக்க உந்திகளையும் ஒன்றாகக் குறைக்கும் இணைப்பு விட்டுப்போயிருந்தது. வேகத்தைக் குறைத்தபோது இடப்பக்க உந்தி மட்டுமே தணிந்தது. கப்பல் இடப்பக்கமாகத் திரும்பி, ஆல்னிக் என்ற எண்ணெய்க் கப்பலின் குறுக்கே போய் நின்றது. 10 மாலுமிகள் இறந்தார்கள்.

பித்தளைக் கைப்பிடி இரண்டு இருந்திருந்தால், ஒன்று முன்னால் ஒன்று பின்னால் கிடப்பது இருட்டிலும் கையில் தட்டுப்பட்டிருக்கும். திரையில் அது ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்த குறி. 2019இல், வேகக் கட்டுப்பாட்டை மீண்டும் கையால் பிடிக்கிற நெம்புகோலுக்கே மாற்றப் போவதாகக் கடற்படை சொன்னது. பயிற்சிக் குறை, களைப்பு, மேலாண்மைக் குறை என்று விசாரணையில் இன்னும் பல காரணங்கள் வந்தன, மறைக்கவில்லை. ஆனால் வடிவமைப்பாளர்கள் இந்தக் கதையை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பேன்.

விமானத்தில் இதே குறையின் இன்னொரு முகம். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், இரு விமானிகளின் பக்கக் கைப்பிடிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. ஒருவர் தன் பிடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது மற்றவர் கைக்குத் தெரிய வழியில்லை. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசைகிற பழைய பாணி பிடியாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது காருக்கு வருவோம். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டு இல்லாமல் கம்பி வழியே செய்தி மட்டும் போகிற கார்கள் வந்துவிட்டன. அப்படியென்றால் கார் தானாக ஓட்டும்போது ஸ்டீயரிங் சுழல வேண்டியதில்லை. அசையாமல் வைக்கலாம், டாஷ்போர்டுக்குள் இழுத்துக்கொள்ளலாம். 2015இல் நிசான் காட்டிய மாதிரிக் காரில் ஸ்டீயரிங் உள்ளே போய்த் திரை வெளியே வந்தது. பார்க்க அழகுதான். ஆனால் அசையும் ஸ்டீயரிங், இயந்திரம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று கையிடம் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று. அதை மறைத்தால், சொல்ல வேறு வாய் கொடுக்க வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த யோசனை ஒன்று உண்டு. 2003இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் ஃபிராங்க் ஃபிளெமிஷும் உடன் பணியாற்றியவர்களும் குதிரையை உருவகமாக எடுத்துக்கொண்டார்கள். கடிவாளத்தைத் தளர்த்திவிட்டால் குதிரை தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும், இறுக்கிப் பிடித்தால் சவாரி செய்பவரின் சொல் கேட்கும். நடுவில் எத்தனையோ அளவுகள். குதிரை மிரண்டால் கடிவாளத்திலேயே தெரியும். நம் ஊரில் குதிரை வேண்டாம், சந்தையிலிருந்து இரவில் திரும்பும் மாட்டு வண்டி போதும். வண்டிக்காரர் தூங்கிவிடுவார், மாடு வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆனால் கயிறு அவர் கையில்தான் கிடக்கும். வழியில் மாடு தயங்கி நின்றால் கயிறு சொல்லும், அவர் விழிப்பார். இந்த ஏற்பாட்டில், ஓட்டுகிறாயா இல்லையா என்று ஒரு பொத்தானில் தீர்ப்பு எழுதுவதில்லை. பிடி இறுக இறுக அதிகாரம் மனிதனுக்கு வருகிறது, தளரத் தளர இயந்திரத்துக்குப் போகிறது, இரண்டு பேருக்கும் எந்நேரமும் அது தெரிகிறது. ஜெர்மனியில் இதைக் கார்களிலும் பரிசோதித்தார்கள். கடைக்கு வந்த கார்களிலோ இன்னும் பொத்தான்தான்.

சரி, மனிதனே ஓட்ட வேண்டாத நான்காம் படிக்குப் போவோம். அங்கே இந்தக் குழப்பமெல்லாம் தீர்ந்துவிடும் என்பார்கள். 2020 டிசம்பரில் சூக்ஸ் நிறுவனம் காட்டிய வண்டிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்பதே இல்லை, நான்கு பேர் எதிரெதிராக உட்காருவார்கள். அதே ஆண்டு ஜனவரியில் குரூஸ் ஆரிஜின் என்ற இதே போன்ற வண்டி காட்டப்பட்டது, 2024இல் திட்டமே நின்றுபோனது. எதிரெதிர் இருக்கை பேச நன்றாக இருக்கும். பின்னோக்கி உட்கார்ந்து செல்போன் பார்க்கிறவருக்கு வயிற்றைப் புரட்டும் என்பது தனிக் கதை, அதற்குள் போக நேரமில்லை.

ஓட்டுநர் போன பிறகு பயணியின் கையில் என்ன மிஞ்சுகிறது? முதலில் நிறுத்துவது. கூகுளின் குட்டிக் காரில் இருந்த சிவப்புப் பொத்தானை நினைத்துப் பாருங்கள். அழுத்தியதும் நிற்க வேண்டும் என்றுதானே தோன்றும்? மேம்பாலத்தின் நடுவில், ரயில்வே கேட்டின் மேல், பின்னால் லாரி வரும்போது? உடனே நிற்பதுதான் ஆபத்து என்ற இடங்கள் சாலையில் ஏராளம். அதனால் வேமோ டாக்சியில் பயணிக்குத் தந்திருப்பது ஓரமாக நிறுத்தச் சொல்லும் பொத்தான். நீங்கள் அழுத்துவீர்கள், கார் இடம் தேடி, பாதுகாப்பென்று தனக்குப் பட்ட இடத்தில் ஒதுங்கும். நியாயமான ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரேக் மிதி என்பது கட்டளை. இது விண்ணப்பம். ஆட்டோவில் போகும்போது அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க என்கிறோமே, அதே விண்ணப்பம். ஆட்டோக்காரர் சரி சார் என்று தலையையாவது ஆட்டுவார். பொத்தான் என்ன சொல்லும்? அழுத்தியது கேட்டுவிட்டது, இடம் தேடுகிறேன், அந்த மரத்தடியில் நிற்கப்போகிறேன் என்று மூன்றும் பயணிக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் பதறிய ஆள் அதை அழுத்திக்கொண்டே இருப்பார்.

2024 இறுதியில் பீனிக்ஸ் பகுதியில் விமான நிலையத்துக்குக் கிளம்பிய ஒருவருடைய வேமோ டாக்சி, ஒரு வாகன நிறுத்தத்தில் வட்டமடிக்கத் தொடங்கியது. அவர் உதவி மையத்தோடு பேசிக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்த காட்சியை உலகமே பார்த்துச் சிரித்தது. உள்ளே இருந்தவருக்குச் சிரிப்பு வந்திருக்காது. கார் மீது அவருக்கு இருந்த அதிகாரம் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவருக்கு இருந்த அளவுகூட இல்லை.

இரண்டாவது, கிளம்புவது. அதே 2024இல் சான்பிரான்சிஸ்கோவில் தனியாகப் போன ஒரு பெண்ணின் டாக்சியை இரண்டு ஆண்கள் முன்னால் நின்று மறித்து, அவருடைய தொலைபேசி எண்ணைக் கேட்டுத் தொந்தரவு செய்தார்கள். ஆள் குறுக்கே நின்றால் நிற்பதுதான் அந்தக் காரின் தருமம். மனித ஓட்டுநர் என்றால் பின்னால் எடுத்திருப்பார், கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை சொல்லியிருப்பார், ஹாரனை அலறவிட்டிருப்பார். அந்தப் பெண்ணின் கைக்கு எட்டும் தூரத்தில் கதவுப் பூட்டும் உதவி மையமும்தான் இருந்தன. நிறுத்தும் பொத்தானைப் பற்றிப் பத்து வருடம் விவாதித்த வடிவமைப்பாளர்கள், இங்கிருந்து என்னைக் கொண்டுபோ என்று சொல்லும் பொத்தானைப் பற்றி யோசிக்கவில்லை. கொடுத்தால் அதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற பயமும் பொய்யில்லை, எதிரே நிற்பவர் குழந்தையாகக்கூட இருக்கலாம். குறைந்தபட்சம், பின்பக்கம் வழி இருந்தால் பின்வாங்கு என்று சொல்லும் உரிமையாவது பயணிக்கு வேண்டும் என்பது என் கட்சி.

மூன்றாவது, புரிந்துகொள்வது. கார் சிக்னல் இல்லாத இடத்தில் சும்மா நின்றால் பயணிக்கு வயிறு கலங்குகிறது. வேமோவின் திரையில், கார் காண்கிற ஆட்களும் வண்டிகளும் வரைபடமாக ஓடுகின்றன. குறுக்கே ஒருவர் நடக்கிறார், அதனால் நிற்கிறது என்று தெரிந்ததும் மனம் அடங்கிவிடுகிறது. திரைக்கு உரிய வேலை இது, விளக்குவது.

கட்டளையைத் திரையில் வைப்பதை மட்டும் நான் எதிர்க்கிறேன். 2022இல் சுவீடனின் வி பிலாகாரே இதழ் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு சின்ன வேலைகளைச் செய்ய வேண்டும். பொத்தான்கள் நிறைந்த 2005 மாடல் வோல்வோவில் 10 விநாடி ஆனது. புதிய தொடுதிரைக் கார்களில் மிக மோசமானதில் 44 விநாடிக்கு மேல் ஆனது. ஓட்டுநரே இல்லாத காரில் கண் எங்கே இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஆஸ்டின் நகரில் கூகுள் காரில் தனியாகப் போனவருக்குக் கண்ணே பயன்படவில்லை, மறந்துவிடாதீர்கள். இந்தக் காரால் அதிகம் பயன்பெறப் போகிறவர்கள் பார்வையற்றவர்கள், கை நடுங்கும் முதியவர்கள், ஓட்டத் தெரியாதவர்கள். தடவினால் தட்டுப்படுகிற, அழுத்தினால் டக்கென்று இறங்குகிற, எந்த வண்டியிலும் ஒரே இடத்தில் இருக்கிற பொத்தான் அவர்களுக்கு வேண்டும். கிளட்ச், பிரேக் வரிசை ஒன்றுபடப் பல ஆண்டுகள் ஆயின. ஓரமாக நிறுத்தும் பொத்தான் ஒரு நிறுவனத்தில் கூரையிலும், இன்னொன்றில் திரையிலும், வேறொன்றில் கதவிலும் இருந்தால் பதற்றத்தில் எங்கே தேடுவது?

ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பு 2026 முதல், இண்டிகேட்டர், அபாய விளக்கு, வைப்பர், அவசர அழைப்பு, ஹாரன் ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் கட்டுப்பாடு இல்லாத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. இது மனிதர் ஓட்டும் காருக்கான பட்டியல். ஓட்டுநரில்லா காருக்கு இதே போல ஒரு பட்டியலை யாராவது எழுத வேண்டும், மாணவர்களாகிய உங்களுக்கு நான் தரும் வீட்டுப்பாடம் அதுதான். இந்தியாவில் இவற்றை அனுமதிக்க மாட்டோம், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் பிறகும் சொல்லியிருக்கிறார். அதனால் உங்களுக்கு அவகாசம் நிறைய இருக்கிறது.

பட்டியலில் ஹாரன் வருமா என்பதில் எனக்கும் என் நண்பர்களுக்கும் சண்டை. 2024 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவில் இரவு நேரத்தில் நிறுத்தத்துக்குத் திரும்பிய வேமோ கார்கள், ஒன்று பின்னால் எடுக்க மற்றது இடிக்க வருகிறதென்று எண்ணி, ஒன்றையொன்று பார்த்து விடிய விடிய ஹாரன் அடித்து அக்கம்பக்கத்தாரை எழுப்பின. ஆளே இல்லாத கார்களுக்கு ஹாரன் உண்டு, மறிக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு இல்லை. பயணிக்கு ஒரு ஹாரன் பொத்தான் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறேன் நான். அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு, ஓட்டுகிற வேலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் கையில் ஆளுக்கொரு ஹாரனா என்று அவர்கள் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், மைக் சுற்றி வருகிறது.